மழை பிடிச்சா வாங்க

வனவிலங்குக் காப்பகத்தின் நுழைவாயிலை ஒட்டி, பச்சை வண்ணம் பூசிய ஓர் அறை இருக்கிறது. உள்ளே ஒரு மேசை, மேசைமேல் ஒரு தொலைபேசி, சுவரில் காப்பகத்தின் வரைபடம், அதற்குப் பக்கத்தில் எப்போதோ நின்றுபோய்த் தன் பின்னால் குடியிருக்கும் பல்லிக்கு மட்டும் பயன்பட்டுவரும் ஒரு கடிகாரம். மேசைக்குப் பின்னால் அமர்ந்து, வர விரும்புவோருக்குத் தங்கும் அறையும் சுற்றிப்பார்க்க வண்டியும் முன்பதிவு செய்து தருகிறவரை எல்லோரும் அக்கா என்றே அழைக்கிறார்கள். வண்டியோட்டிகளுக்கு அவர் அக்கா, வனக்காவலர்களுக்கு அக்கா, அவரைவிட வயதில் மூத்தவரான வாயிற்காவலருக்கும் அக்காதான். தொலைபேசியில் முதன்முறையாகப் பேசுகிறவர்கள்கூட ‘மேடம்’ என்று தொடங்கி, ‘சரிக்கா’ என்று முடித்துவிடுவார்கள். அவரை அப்படி அழைக்கப் பிறப்பிலேயே உரிமை பெற்றவள் உலகத்தில் ஒருத்திதான்: அவருடைய தங்கை. நெடுங்காலம்வரை அவள் ஒருத்திதான் அந்த அறையின் வாசலை மிதிக்காதவள்.

அக்கா அந்த நாற்காலிக்கு வந்தது தற்செயல். காப்பகத்து ஜீப்புகளைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்கின் மனைவியாக அங்கே குடிவந்தவர் அவர். முன்பதிவுப் பெண்மணி உடல்நலம் குன்றி ஊருக்குப் போனபோது, ஒரு வாரம் உட்கார்ந்து தொலைபேசியை எடுங்கள் போதும் என்றார்கள். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை.

தொலைபேசியில் வரும் கேள்விகளுக்கெல்லாம் தலைமைக் கேள்வி ஒன்று உண்டு: எப்போது வந்தால் நல்லது? இதற்கு எடுத்த எடுப்பில் பதில் சொல்லும் வழக்கம் அக்காவிடம் கிடையாது. “எதைப் பார்க்கணும்னு வர்றீங்க?” என்று திருப்பிக் கேட்பார். யானைக் கூட்டம் பார்க்க வேண்டும் என்பவர்களைக் கோடைக்கு அனுப்புவார். அப்போதுதான் உட்காட்டுக் குட்டைகள் வற்றி, எல்லாக் கால்களும் பெரிய ஏரியை நோக்கித் திரும்பும். இலையுதிர்ந்த கிளைகளுக்கிடையே மானின் காது அசைவதுகூடத் தெரியும். பறவைப் பித்தர்களுக்கு மழை விட்டுக் குளிர் தொடங்கும் மாதங்களை ஒதுக்குவார். கைக்குழந்தையோடு வருகிறவர்களைக் கோடையில் வரவிடமாட்டார். வெயில் தாளாமல் குழந்தை அழுதால் யானைக்குக் கேட்கிறதோ இல்லையோ, வண்டியில் உடன் வருகிறவர்களுக்குக் கேட்குமே. புதிதாக மணமானவர்களிடம் மட்டும் எதுவும் கேட்பதில்லை. “அவங்களுக்கு எந்த மாசமா இருந்தா என்ன, வெளியே பார்த்தாத்தானே” என்பார்.

வண்டியோட்டிகள் அவருக்கு ‘வானிலை அறிக்கை’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அறிக்கை தவறியதாக ஒருவரும் குறை சொன்னதில்லை. ஊர்பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் நாள் பார்த்துச் சொன்ன அந்த அக்காவால், கூடப் பிறந்த தங்கைக்கு மட்டும் ஒரு நல்ல நாள் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அதுதான் அவருடைய வாழ்க்கையின் ஒரே சிக்கல்.

தங்கை தலைநகரத்தில், கணக்குத் தணிக்கை அலுவலகமொன்றில், மேல்மாடியில் பணிபுரிந்தாள். கோடை என்பது அவளுக்கு ஆண்டுக் கணக்கு முடிக்கும் காலம். அந்த மாதங்களில் தும்முவதற்குக்கூட அனுமதி வாங்க வேண்டும் என்பாள். அவளுக்கு விடுப்புக் கிடைப்பது மழைக்காலத்தில். அக்காவுக்கோ அப்படியே தலைகீழ். கோடையில் தொலைபேசியைக் கீழே வைக்க நேரமிருக்காது; மழை தொடங்கிவிட்டால் நாளுக்கு ஓர் அழைப்பு வந்தால் உண்டு, அதுவும் பெரும்பாலும் தவறான எண்ணாக இருக்கும். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் முதல் மழை விழுந்ததும் தங்கை கூப்பிடுவாள்.

“அக்கா, லீவு இருக்கு. வரட்டுமா?”

“இப்ப வேண்டாம்டி. ஒண்ணும் தெரியாது. யானையெல்லாம் உள்ள போயிடும், பாதி ரோட்டை மூடிடுவாங்க. கோடையில வா, நல்லா காட்டறேன்.”

கோடை வந்ததும் அக்கா கூப்பிடுவார். ஏரிக்கரை நிறைய யானைகள் நிற்கின்றன, வந்து பார் என்பார். தங்கை தன் மேசைமேல் நிறைய நிற்கும் கோப்புகளைப் பற்றிச் சொல்வாள். இருவரும் பெருமூச்சு விட்டு, அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிடுவார்கள்.

மழைக்காலத்தில் தங்கையை வரவேண்டாம் என்றதற்கு, அக்கா வெளியே சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், சித்தப்பா வீட்டில் உறவினர் எல்லோரும் கூடியிருந்த ஒரு நாளில், அக்கா காப்பகத்தைப் பற்றி வாய் நிறையப் பேசிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டிருந்த தங்கை, “அங்க என்னக்கா இருக்கு? மரமும் சேறும்தானே?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். சிரித்த வாய்க்குள் அந்தச் சொல் மீன்முள்ளாகச் சிக்கிக்கொண்டது. என்றாவது ஒருநாள் ஏரிக்கரையில் யானைகள் தோளோடு தோள் உரசி நிற்கும்போது இவளைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும், இவள் வாயடைத்துப்போக வேண்டும் என்று அப்போதே தீர்மானித்துவிட்டார். மழைக்காலத்தில் அவரிடம் காட்டுவதற்கு இருந்தது என்ன? மரம், சேறு, ஒழுகும் கூரை.

இரண்டு மழைக்காலங்களாகத் தங்கை ‘வரட்டுமா’ என்று கேட்பதை நிறுத்திவிட்டிருந்தாள். ஒழுகிக்கொண்டிருந்த குழாய் நின்றுபோனால் அந்த அமைதி காதில் விழுமே, அப்படி அது அக்காவின் காதில் விழுந்தது.

இந்நிலையில்தான் சித்தப்பா தொலைபேசியில் கூப்பிட்டார். தங்கையின் கணவருக்குப் பணி ஓய்வு வந்துவிட்டது, தங்கையும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டாள், இருவரும் கடல்கடந்து மகனோடு வசிக்கப் போகிறார்கள், வீட்டைக் காலி செய்கிறார்கள் என்று அடுக்கிக்கொண்டே போனார்.

“கோடைக்கு முன்னாடியே கிளம்பறாங்களாம். உன்கிட்ட சொல்லலையா?”

“சொன்னா, சொன்னா” என்றார் அக்கா. சொல்லவில்லை.

தொலைபேசியை வைத்த பிறகு, நின்றுபோன கடிகாரத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கைக்கும் அவருக்கும் இடையில் இனி ஒரு கோடை இல்லை. மிச்சமிருப்பது மழைக்காலம் ஒன்றுதான். அதுவும் தொடங்கப் போகிறது.

அன்று மாலை வண்டிக் கொட்டகைக்குப் போனார். கணவர் ஒரு ஜீப்பின் அடியில் படுத்திருந்தார். வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. அக்கா அந்தக் கால்களிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

“அப்ப இப்பவே வரச் சொல்லு” என்றன கால்கள்.

“இப்ப வந்து என்னத்தைப் பார்ப்பா?”

கால்கள் சற்று நேரம் யோசித்தன. ஸ்பேனர் ஒன்று சிமெண்டுத் தரையில் விழும் ஓசை கேட்டது.

“உன்னைப் பார்ப்பா. அதுக்கு எதுக்கு சீசன்?”

சொல்வது அவருக்கு எளிது. இத்தனை ஆண்டுகளாக ‘மழையில் வராதே’ என்று பாடம் நடத்திய வாயால் ‘மழையில் வா’ என்று எப்படித் தொடங்குவது? இத்தனை நாளும் சொன்னது பொய்யா என்று அவள் கேட்டால் என்ன சொல்வது? மறுநாளும் அதற்கு மறுநாளும் அக்கா தங்கையின் எண்ணைப் பாதிவரை சுழற்றினார். பிறகு, வாக்கியத்துக்கு ஓர் எழுவாய் கிடைக்காதவர்போல ரிசீவரை வைத்துவிட்டார்.

முதல் தூறல் விழுந்த பிற்பகலில் தொலைபேசி மணி அடித்தது. சூடான எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் இணைப்பு முழுவதும் ஒரே பொரியல் ஓசை. அதற்கு நடுவே ஓர் ஆண்குரல், காப்பகத்துக்கு எப்போது வந்தால் நன்றாக இருக்கும் என்று கேட்டது.

“எதைப் பார்க்கணும்னு வர்றீங்க?”

மறுமுனையில் சிறு தயக்கம். பக்கத்தில் யாரோ எதையோ முணுமுணுப்பதுபோல் இருந்தது.

“பெருசா ஒண்ணும் பார்க்கணும்னு இல்லைங்க. ரெண்டு நாள் தங்கணும். உட்கார்ந்து பேசணும். கூட்டம் இருக்கக் கூடாது.”

அந்தக் கேள்விக்கு இப்படியொரு பதிலை அக்கா அதுவரை கேட்டதில்லை. யானை வேண்டும், சிறுத்தை வேண்டும், குறைந்தது ஒரு காட்டெருமையாவது வேண்டும் என்று கடையில் நின்று கேட்பதுபோல் கேட்டவர்களே அதிகம். எதுவும் வேண்டாம் என்ற இந்த மனிதர், பூட்டியிருந்த ஏதோ ஒன்றைத் திறந்துவிட்டார். அக்கா தம்மை மறந்து பேசத் தொடங்கினார். கோடையில் வருகிறவர்கள் விலங்குகளைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். காட்டை யாரும் பார்ப்பதில்லை என்றார். மழை விழுந்த மறுவாரமே கருகிக் கிடந்த சரிவெல்லாம் பச்சையாகிவிடும், மூங்கிற்புதரில் விழும் மழைக்கு ஓர் ஓசை, தேக்கிலையில் விழும் மழைக்கு வேறோர் ஓசை, கண்ணை மூடிக்கொண்டே எந்த மரத்தடியில் நிற்கிறோம் என்று சொல்லிவிடலாம் என்றார். கன்றுகள் பிறப்பதும் அப்போதுதான். ஆனால் தாய்கள் அவற்றை வெளியே காட்டமாட்டா என்றார். இங்கே வேலையே இருக்காது, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்து பேசலாம், தேநீர் நானே போட்டுத் தருகிறேன் என்றுகூடச் சொல்லிவிட்டார்.

“அப்படின்னா மழைக்காலம்தான் உங்களுக்குச் சரி. மழை பிடிச்சா வாங்க.”

“மழை பிடிச்சா வரலாமா?”

“தாராளமா வாங்க. எனக்கே அதுதான் பிடிச்ச சீசன்.”

“நல்லதுங்க. பிடிச்சதும் வந்துடறோம்.”

பெயரைக் கேட்பதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. ‘பிடித்தால்’ என்று தாம் சொன்னது மறுமுனையில் ‘பிடித்ததும்’ என்று திரும்பி வந்ததை அக்கா கவனிக்கவில்லை. அவர் மனம் வேறோரிடத்தில் நின்றுவிட்டிருந்தது. முகமறியாத ஒருவரிடம் இவ்வளவு எளிதாக வந்த சொல், தங்கையிடம் ஏன் வர மறுக்கிறது? மழைக்காலம் தமக்குப் பிடித்த பருவம் என்பதையே அன்றுதான் தம் வாயால் முதன்முறையாகக் கேட்டார்.

சூடு ஆறுவதற்குள் தங்கையின் எண்ணைச் சுழற்றினார். இம்முறை கடைசி எண்வரை சுழற்றினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மாலையில் மறுபடி முயன்றார், எடுக்கவில்லை. மறுநாள் காலையில் ரிசீவரை எடுத்தபோது பொரியல் ஓசைகூட இல்லை. ஏதோ ஒரு மரம் தொலைபேசிக் கம்பியின்மேல் சாய்ந்துவிட்டிருந்தது. கைப்பேசிக் கோபுரமும் அன்று பிற்பகலே கண்ணை மூடிக்கொண்டது.

பிடி என்னும் வினைச்சொல் தமிழில் பார்க்கும் வேலைகளுக்கு அளவில்லை. கையும் பிடிக்கும், காய்ச்சலும் பிடிக்கும். துருவும் பிடிக்கும், பைத்தியமும் பிடிக்கும். ஒருவரை ஒருவருக்குப் பிடிக்கும். போதாததற்குப் பெயர்ச்சொல்லாகிப் பெண்யானையையும் குறிக்கும். அந்த ஆண்டு மழை எல்லாப் பொருளிலும் பிடித்துக்கொண்டது. வானம் கிழிந்ததுபோல் இரவும் பகலும் கொட்டியது. வண்டிக் கொட்டகைக்குப் பின்னால் வரிசையாக இருந்த பணியாளர் குடியிருப்புகளில் அக்காவின் வீடு கடைசி வீடு. அதன் தகரக்கூரை தனக்குத் தெரிந்த எல்லா ஓட்டைகளையும் திறந்து வைத்தது. அக்கா வீட்டிலிருந்த வாளி, அண்டா, சட்டி எல்லாவற்றையும் தரையில் பரப்பிவைத்தார். அலுவலகத்துக்குப் போய், செத்துக் கிடந்த தொலைபேசிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். தங்கை வீட்டில் இந்நேரம் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

அப்போதுதான் வாயிற்காவலர், குடை மேல்நோக்கி மடிந்துபோன கோலத்தில் உள்ளே வந்தார்.

“அக்கா, தரைப்பாலத்துல ஒரு கார் நிக்குது. டயர் முங்கியாச்சு.”

“இந்த மழையில எந்தப் புண்ணியவான்?”

“நானும் அதைத்தான் கேட்டேன். உங்க ஆபீஸ் அம்மாதான் மழை பிடிச்சா வாங்கன்னு சொன்னாங்க, அதான் பிடிச்சதும் கிளம்பிட்டோம்ங்கறார். சும்மா ஒரு தூறலுக்கெல்லாம் ஏமாறலையாம். டி.வி.யில ரெண்டு நாளைக்கு விடாதுன்னு சொன்னதைக் கேட்டு, உறுதி பண்ணிக்கிட்டுத்தான் வண்டியை எடுத்தாராம்.”

அக்காவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். மழை உங்களுக்குப் பிடிக்குமானால் வாருங்கள் என்பது அவர் சொன்னது. மழை வலுத்துப் பிடித்துக்கொண்டால் வாருங்கள் என்பது அந்த மனிதர் கேட்டது. இரண்டுக்கும் ஒரே வாக்கியம். இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ சொல்லியிருக்கிறார். சொல்லின் இரண்டாவது பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வெள்ளத்துக்குள் வந்து நின்றவர் இவர் ஒருவர்தான். செய்தி மெக்கானிக்கை எட்டியபோது, அவர் ஜீப்பில் கயிற்றை எடுத்துப் போட்டபடி, “அறிக்கை நல்லாத்தான் இருக்கு, கேட்ட ஆள்தான் ரொம்ப நல்லவர்போல” என்றார்.

அக்காவும் ஜீப்பில் ஏறிக்கொண்டார். ஏமாந்து வந்தவர்களிடம் நேரில் மன்னிப்புக் கேட்பதுதான் முறை என்று அவருக்குப் பட்டது. பாலத்தருகே இறங்கி, முழங்கால் அளவு நீரில் நடந்து, காரின் கண்ணாடியைத் தட்டினார். கண்ணாடி கொஞ்சம் இறங்கியது. ஓட்டுநர் இருக்கையில் மூக்குக்கண்ணாடி முழுவதும் ஆவி படிந்த ஒருவர் அமர்ந்திருந்தார். பக்கத்து இருக்கையில், இரண்டு செருப்புகளையும் மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தாள் தங்கை.

அக்காவுக்குக் கேட்க வந்த மன்னிப்பு மறந்துபோனது. தங்கையின் கணவர் வாய் திறப்பதே அபூர்வம். வீட்டுக்குப் போன் செய்தால் ‘இதோ கொடுக்கறேன்’ என்ற சொல்லோடு அவர் பங்கு முடிந்துவிடும். அந்தக் குரலைப் பொரியல் ஓசைக்கு நடுவே எப்படி அடையாளம் காண்பது?

தங்கை முன்னாலிருந்த நீரைப் பார்த்தபடியே பேசினாள்.

“முன்பதிவு ஆபீஸ் மேடம் நீங்கதானா? உங்க பேச்சை நம்பித்தான் வந்தோம்.”

பிறந்தது முதல் ‘நீ’ என்று பேசிய வாயிலிருந்து ‘நீங்க’ வந்து விழுந்தது. அதைவிட ஓர் அறை வாங்கியிருக்கலாம் என்று அக்காவுக்குத் தோன்றியது. ஏதோ சொல்ல முயன்றார். தங்கை அதைக் காதில் வாங்காமல் கணவரிடம் திரும்பி, இந்த மேடம் வீட்டுக்குத் தான் வரப்போவதில்லை என்றும், விருந்தினர் விடுதியில் அறை இருந்தால் கேட்கும்படியும், இல்லாவிட்டால் நீர் வடிந்ததும் வண்டியைத் திருப்பும்படியும் சொன்னாள். விடுதிக்குள் முந்தின நாளே வெள்ளம் புகுந்து, அதைப் பூட்டிவிட்டிருந்தார்கள். அதைச் சொல்லும் துணிவு அக்காவுக்கு இல்லை.

காரின் முன்பக்கத்தில் கயிற்றைக் கட்டி முடித்த மெக்கானிக் நிமிர்ந்தார்.

“தண்ணி ஏறுதும்மா. மிச்சச் சண்டையை மேட்டுல போய் வச்சுக்கலாமா? வாங்க சகலை, கியரை நியூட்ரல்ல போடுங்க.”

விடுதிக் கதவில் தொங்கிய பூட்டைப் பார்த்துவிட்டு, வேறு வழியின்றி வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வாளிகள் பாதி நிரம்பியிருந்தன. நான்கு பேரும் உட்காருவதற்குச் சொட்டு விழாத இடமாகப் பார்த்து நாற்காலிகளைப் போட்டதில், யாரும் யாரையும் நேராகப் பார்க்க முடியாத கோணங்களில் அமர்ந்திருந்தார்கள். அக்கா துண்டு எடுத்துக் கொடுத்தார், தேநீர் கொடுத்தார். தங்கை வாங்கிக்கொண்டாள், பேசவில்லை. இந்த வீட்டைத்தான் இவள் பார்த்துவிடக் கூடாது என்று இத்தனை ஆண்டு காத்தோம், கடைசியில் ஓட்டை ஒன்று விடாமல் பார்க்கிறாளே என்று அக்கா குறுகிப்போனார்.

தேநீர் முடிந்ததும் தங்கை கோப்பையைக் கீழே வைத்தாள்.

“இவர்தான் கேட்டுப் பார்ப்போம்னார். உங்க அக்கா ஊருக்கெல்லாம் என்ன பதில் சொல்றாங்கன்னு கேட்டா, நமக்குச் சொன்னது நிஜமா இல்லையான்னு தெரிஞ்சிடும்னார். ஸ்பீக்கர்ல போட்டார். நான் பக்கத்துலதான் இருந்தேன். அப்புறம் நீ கூப்பிட்டப்ப வேணும்னேதான் எடுக்கலை.” நிறுத்தி, மூச்சு வாங்கினாள். “யாரோ ஒருத்தரை, பேர்கூடக் கேட்காம, மழையில வாங்க, டீ போட்டுத் தர்றேன்னு கூப்பிட்ட. என்னை மட்டும் ஏன்க்கா வராதேன்ன?”

‘நீங்க’ போய் ‘நீ’ வந்துவிட்டதை அக்கா கவனித்தார். ஆனால் கேள்வி அதனால் லேசாகவில்லை.

“நல்ல சீசன்ல உனக்குக் காட்டணும்னுதான்…”

“லீவு எழுதிக் கொடுத்துட்டுத்தான் உனக்குப் போன் பண்ணுவேன். நீ வேண்டாம்னதும் லீவைத் திருப்பி வாங்கிக்கிட்டு ஆபீஸ்ல போய் உட்காருவேன். என்னம்மா, அக்கா வீட்டுக்குப் போகலையான்னு கேட்பாங்க. அக்காவுக்கு வேலை அதிகம்னு சொல்லுவேன். அப்புறம் அவங்க கேட்கறதையே விட்டுட்டாங்க. நானும் விட்டுட்டேன்.”

தங்கை விடுப்பு வாங்கிவிட்டுத்தான் கேட்டாள் என்பது அக்காவுக்குத் தெரியாது. ‘வரட்டுமா’ என்பதைக் கேள்வி என்று எண்ணிப் பதில் சொல்லியிருக்கிறார். அது புறப்பட்டு வாசலில் நின்றவளின் குரல் என்பது இப்போதுதான் தெரிகிறது. எதையும் மறைத்துப் பயனில்லை என்று, சித்தப்பா வீட்டில் நடந்ததைச் சொன்னார். மரமும் சேறும் என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னாயே, அன்றிலிருந்து நீ வாயடைத்து நிற்க வேண்டும் என்று ஒரு நல்ல பருவத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், பார்த்துக்கொண்டே இருந்ததில் காலம் போய்விட்டது என்றார்.

தங்கைக்கு வியப்புத் தாங்கவில்லை. “நானா? நான் அப்படிச் சொன்னேனா?”

“சொன்ன” என்றார் அவள் கணவர். அந்த வீட்டுக்கு வந்தபின் அவர் பேசிய முதல் சொல் அது.

“நீங்க சும்மா இருங்க. பிடிச்சா வாங்கன்னா, பிடிச்சதும் போகணும்னு கூட்டிட்டு வந்த ஆளு.”

“மழை பிடிச்சுதா இல்லையா?” என்று அவர் அமைதியாகக் கேட்டார். மெக்கானிக் தம் கோப்பைக்குள் சிரித்தார்.

தங்கை மேலே பார்த்தாள். சொட்டு ஒன்று வாளியின் விளிம்பில் பட்டுத் தரையில் தெறித்துக்கொண்டிருந்தது. அவள் காலை நீட்டி, வாளியைச் சற்றே நகர்த்தினாள். அடுத்த சொட்டு நடுவில் விழுந்தது.

“தள்ளி வச்சிருக்க” என்றாள். பிறகு, “நிறைஞ்சா யார் கொட்டறது?” என்றாள்.

“நான்தான். எப்பவும் நான்தானே.”

“இன்னிக்கு நான் கொட்டறேன். நாளைக்கு நீ.”

நாளைக்கு என்ற சொல்லைக் கேட்டதும் அக்கா எழுந்து, அடுப்படிக்குப் போய், தேவையே இல்லாமல் மறுபடி தேநீர் வைத்தார்.

தரைப்பாலம் உடனே திறக்கவில்லை. இரண்டு நாள் என்று வந்தவர்கள் மேலும் பல நாள் தங்க நேர்ந்தது. மெக்கானிக் சகலையைக் கொட்டகைக்கு அழைத்துப்போய், பழுதான எஞ்சின் ஒன்றைக் காட்டினார். இருவரும் அதன் முன்னால் மணிக்கணக்காக வாய் திறவாமல் நின்று, மிகுந்த நட்போடு திரும்பி வந்தார்கள். அக்காவும் தங்கையும் பேசினார்கள். யாருக்கு மூட்டுவலி முதலில் வந்தது என்பதில் தொடங்கி, சித்தப்பாவின் கைக்கடிகாரம் யார் வீட்டில் இருக்கிறது என்பதுவரை பேசினார்கள். ஒருநாள் தங்கை, போகும் இடத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அங்கே ஆண்டில் பாதி நாள் சன்னலைத் திறக்க முடியாதாம். மகன் நல்லவன், மருமகளும் நல்லவள். ஆனாலும் அது அவர்கள் வீடு. ஒருவரை வா என்று அழைப்பதற்கே இனி இன்னொருவரைக் கேட்க வேண்டும் என்றாள். அக்கா நிரம்பிய வாளியை எடுத்துக்கொண்டு போனார். அன்று தங்கையின் முறை.

இதற்கிடையில் தொலைபேசிக்கு உயிர் வந்தது. முதலில் கூப்பிட்டவர் தலைமை அலுவலக மேலாளர். வெள்ளத்தில் வந்த காரைப் பற்றி வாயிற்காவலர் மூலம் செய்தி போயிருந்தது. இனிமேல் பார்வையாளர்களிடம் பேசும்போது ‘பிடிச்சா’ என்ற சொல்லை எந்தப் பொருளிலும் பயன்படுத்தக் கூடாது என்று அவர் உத்தரவிட்டார். அக்கா சரி என்றார். அது பிடிக்கவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

புறப்படும் நாள் காலையில் மழை விட்டிருந்தது. பெட்டிகள் வாசலில் இருந்தன. தங்கையின் கணவர் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே அக்காவும் தங்கையும் ஒரு புட்டியின் மூடியைத் திறக்க மாறிமாறி முயன்றுகொண்டிருந்தார்கள். திடீரென்று அக்கா புட்டியைக் கீழே வைத்தார்.

“அங்க எப்ப வந்தாடி நல்லா இருக்கும்?”

பல்லாயிரம் பேர் தம்மிடம் கேட்ட கேள்வியை வாழ்நாளில் முதன்முறையாக அவர் இன்னொருவரிடம் கேட்டார். கேட்டபோதுதான், அதைக் கேட்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டியிருக்கிறது என்பது தெரிந்தது.

தங்கை முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, ரிசீவரைப் பிடிப்பதுபோல் கையைக் காதருகே கொண்டுபோனாள்.

“எதைப் பார்க்கணும்னு வர்றீங்க?”

இருவரும் சிரிக்கத் தொடங்கினார்கள். சிரிப்பு அடங்கும் நேரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு மறுபடி தொடங்கினார்கள். கண்ணில் நீர் வந்தது. அது எந்த நீர் என்று இருவருமே பிரித்துப் பார்க்கவில்லை.

வெளியே வந்தபோது தங்கையின் கணவர் துணியைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றிருந்தார். சாலையின் அந்தப் பக்கத்தைக் காட்டி, இப்போதுதான் போயின என்றார். ஒரு பிடி முன்னால் நடக்க, பிறந்து சில நாளே ஆகியிருக்கக்கூடிய கன்று அதன் வயிற்றடியில் நடக்க, பின்னால் மற்றவை எல்லாம் ஒவ்வொன்றாகச் சாலையைக் கடந்தனவாம். கன்றுக்குச் சேற்றில் கால் வழுக்கியதாம். எல்லாம் நின்று, அது எழுந்ததும் நடந்தனவாம். மழைக்காலத்தில், அத்தனை அருகில், கன்றோடு. அத்தனை ஆண்டுகள் அங்கே இருந்தும் அக்கா ஒருமுறைகூடக் கண்டிராத காட்சி அது.

“கூப்பிட்டிருக்கக் கூடாதா?” என்றார் அக்கா, ஏறக்குறைய அழுதுவிடும் குரலில்.

“நீங்க பேசிக்கிட்டிருந்தீங்க, அண்ணி.”

மூவரும் சாலையைக் கடந்துபோய்ப் பார்த்தார்கள். தட்டுத்தட்டாகப் பதிந்திருந்த பெரிய அடிச்சுவடுகளுக்கு இடையில், சிறிய சுவடு ஒன்று வழுக்கி நீண்டிருந்தது. அதில் நீர் ஊறிக்கொண்டிருந்தது. தங்கை குனிந்து அதைப் பார்த்தாள். நிமிர்ந்து, சொட்டிக்கொண்டிருந்த மரங்களைப் பார்த்தாள். பிறகு அக்காவின் தோளில் தன் தோளை இடித்தாள்.

“நான் சொன்னது சரிதானேக்கா? மரமும் சேறும்தானே?”